ராத்தங்கல்: கண்ணகி உறங்காத பதினான்கு இரவுகள்

தூத்துக்குடியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் இளங்கலை இரண்டாமாண்டுக்குச் சிலப்பதிகாரம் உண்டு. அன்று கட்டுரைகாதையை முடித்துக்கொண்டிருந்தேன். மதுரையை விட்டு வெளியேறிய கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்தாள், பதினான்காம் நாள் மலைமேல் வேங்கை மரத்தடியில் நின்றாள், வானவர் வந்து அழைத்துப் போனார்கள் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், அந்தப் பதினாலு நாளும் ராத்திரி அவ எங்க படுத்தா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "காப்பியத்துல அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா" என்று சொல்லி உட்கார வைத்தேன். அவளுடைய அம்மா உப்பளத் தொழிலாளி. வெயில் ஏறுமுன் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதால் அதிகாலை மூன்று மணிக்கே, இருட்டில், வீட்டை விட்டுக் கிளம்புகிறவர். இருட்டில் நடக்கிற பெண்ணின் மகளுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சிலம்பு நடத்தும் எனக்கு, அதில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு, அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அன்று நான் சிரித்ததற்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கட்டுரை.

கேள்வியோடு பிரதிக்குத் திரும்பிப் போனபோது விடை அங்கேயே இருந்தது. கொற்றவை கோயில் வாசலில் வளையல்களை உடைத்துவிட்டு, கிழக்கு வாயிலில் கணவனோடு வந்தேன், மேற்கு வாயிலில் தனியாகப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்புகிற கண்ணகி, அவனைக் காணும்வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்கிறாள். பிறகு இரவு எது பகல் எது என்று தெரியாத நடை. பள்ளத்தில் இறங்குவதும் மேட்டில் ஏறுவதும்கூட அவளுக்கு உறைப்பதில்லை. பசி இல்லை, தாகம் இல்லை, கால்வலி இல்லை. ஆக, அவள் எங்கேயும் படுக்கவில்லை. தனியாக நடக்கிற பெண்ணுக்கு இளங்கோ நடையைத் தருகிறார், தங்குவதைத் தரவில்லை.

இதே காப்பியத்தில் இன்னொரு நடை இருக்கிறது. புகாரிலிருந்து மதுரை வரை கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்தது. அதில் ஒவ்வொரு தங்கலும் சொல்லப்படுகிறது: சோலை, அரங்கம், உறையூர், மதுரைக்குப் போகும் மூன்று வழிகள், ஐயை கோட்டம். கண்ணகிக்குக் கால் நோகிறது, மூச்சு வாங்குகிறது, மதுரை எவ்வளவு தூரம் என்று கேட்கிறாள். வெயில் தாங்காது என்பதால் நிலா வெளிச்சத்தில் நடக்க முடிவாகிறது. பாண்டியன் நாட்டில் கரடியும் புலியும் பாம்பும்கூடத் தீங்கு செய்யா, எனவே இரவில் போகலாம் என்று கோவலன் உறுதி சொல்கிறான். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. காட்டின் இரவில் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் வெட்டுப்பட்டது செங்கோல் காக்கும் நகரத்தில். 'ராத்திரி, காடு, ஆபத்து' என்று பெண்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிற சமூகம் இந்தப் பகுதியை எப்படிப் படித்தது என்று வியப்பாக இருக்கிறது.

முதல் நடையில் உடலோடு இருந்த கண்ணகி இரண்டாவது நடையில் உடலை இழக்கிறாள். எஞ்சியிருப்பது காயம் மட்டும். துணையோடு போகிறவளுக்குக் கால் உண்டு, களைப்பு உண்டு, படுக்க இடமும் உண்டு. தனியாகப் போகிறவளுக்கு வெறும் வேகம்.

இது இளங்கோ ஒருவரின் கைவரிசை அல்ல. தொல்காப்பியம் குறிஞ்சிக்குச் சொல்லும் பொழுது யாமம். பருவம் கூதிரும் முன்பனியும். அந்த நள்ளிரவு மலைக்குச் சொந்தக்காரன் யார்? யானை திரியும் வழியில், பாம்பும் மின்னலும் கடந்து வருகிறவன் தலைவன். தலைவிக்கு என்ன வேலை? அவன் வரும் வழியை நினைத்துப் பயப்படுவது. மலை அவளுடைய ஊர். பகலில் தினைப்புனம் காக்கிறாள், அருவியில் ஆடுகிறாள், ஒவ்வொரு பூவையும் பெயர் சொல்லிப் பறிக்கிறாள். இருட்டியதும் அதே மலை அவனுடையதாகிவிடுகிறது. இரவுக்குறி வீட்டின் எல்லைக்குள், வீட்டார் பேச்சு காதில் விழும் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கணம் வரையறுக்கிறது. காதலனைக் களவாகச் சந்திக்கும்போதுகூட அம்மாவின் இருமல் சத்தம் கேட்க வேண்டும்.

நாங்கள் இருப்பதோ நெய்தலில். எங்களுக்கு விதித்த உரிப்பொருள் இரங்கல். கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணை உடன் கொண்டு போகும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் சொல்லிவிட்டது. ஆக, மலையிலும் அவன் வருவான், கடலிலும் அவன் போவான். பெண் கவிஞர்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. பிரிந்தவனைத் தேடிப் புறப்பட்டுத் திரிந்தவளாக வெள்ளிவீதியாரை ஔவையார் தம் பாட்டில் நினைத்துக்கொள்கிறார்; அவளைப் போல நானும் கிளம்பிவிடலாமா என்கிறார். ஒரு பெண் எழுத்தாளர் இன்னொரு பெண் எழுத்தாளரைப் பெயர் சொல்லி முன்னோடியாக்கும் அருமையான இடம் அது. ஆனால் அங்கும் தேடல் ஓர் ஆணுக்காகத்தான். காரணம் இல்லாமல் வாசலைத் தாண்டுவதற்கு அனுமதி அந்தப் பாட்டிலும் இல்லை.

சரி, மலைக்கு ஏறியவளுக்கு என்ன ஆகிறது? தமிழ் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. அருள் வந்து ஆடிய பெண் அடங்கினால் 'சாமி மலையேறிருச்சு' என்கிறோம். போய்விட்ட காலத்தை 'அந்தக் காலம் மலையேறிப்போச்சு' என்கிறோம். மலையேறியது திரும்பாது என்பது நம் பேச்சுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது.

கண்ணகி கதைக்குள் இன்னொரு பெண் ஒளிந்திருக்கிறாள். முற்பிறப்பில் கோவலனாகிய பரதன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான் என்று மதுராபதித் தெய்வம் சொல்கிறது. சங்கமனின் மனைவி நீலி. அவளும் பதினான்கு நாள் அலைந்தாள், அவளும் ஒரு மலையுச்சிக்கு ஏறினாள், சாபமிட்டுவிட்டு அங்கிருந்து உயிர்விட்டாள். அந்தச் சாபம்தான் கண்ணகியைப் பிடித்ததாம். ஒரே காப்பியத்தில் இரண்டு பெண்கள், இரண்டு மலைகள், அதே பதினான்கு நாள். இருவருக்கும் உச்சி என்பது கணவனிடம் போய்ச் சேருகிற ஏணி. ஏணியில் யாரும் படுத்துத் தூங்குவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் குன்றக்குரவை. மார்பில் ஒன்றை இழந்து வேங்கை நிழலில் நிற்பவளை மலைக்குறவர்கள் பார்க்கிறார்கள், யாரம்மா நீ என்று கேட்கிறார்கள். அவள் கோபமில்லாமல் பதில் சொல்கிறாள். அரசன் அவையில்கூட வாதாடித்தான் அவள் தன் பெயரை நிறுவ வேண்டியிருந்தது. இங்கே வெறும் விசாரிப்பு. அதற்குப் பின் அந்த மக்கள் ஒரு குடிசையும் ஒரு வாய்த் தண்ணீரும் தந்திருந்தால் காப்பியம் வேறாக முடிந்திருக்கும். அதற்குள் விமானம் வந்துவிடுகிறது. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுக்கிறான். எங்கள் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்துச் சாந்தி செய்கிறான். பாண்டிமாதேவி சிலம்பின் பரல் எங்கள் கடலின் முத்து. கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். அந்த வேறுபாட்டை முதலிலேயே சோதித்திருந்தால் ஒரு கொலையும் நடந்திருக்காது. சோதிக்காத பாண்டியனின் மரபு, பிழைக்குத் தொடர்பில்லாத ஆயிரம் தொழிலாளிகளின் உயிரால் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. கல்லாகிவிட்ட பெண்ணிடம் இதற்குச் சம்மதமா என்று கேட்பதற்கு வழியில்லை. தெய்வமாக்குவதில் உள்ள வசதி அதுதான். அவள் இறங்கி வந்து பேச முடியாது.

காரைக்கால் அம்மையார் இறங்கி வரவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். கணவன் பாண்டிநாட்டுத் துறைமுகப் பட்டினம் ஒன்றில் வேறு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்ததும், அவனுக்காகத் தாங்கிய தசையை உதிர்த்துப் பேயுருவம் கேட்டு வாங்கியவர். கயிலைக்குத் தலையால் நடந்தவர். திரும்பி ஆலங்காட்டுக்கு வந்து பாடியவர். தமிழில் மலைக்குத் தனியாகப் போய்த் திரும்பி வந்து எழுதிய பெண் அவர்தான். ஆனால் சேக்கிழார் சொல்லும் விலையைப் பாருங்கள்: பெண்ணுடல் முழுவதும். ஆண் பார்த்தால் விலகி ஓடும் உருவம் கிடைத்த பிறகுதான் பாதை அவருக்குப் பாதுகாப்பாகிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று விடவும் முடியவில்லை. கண்ணகி ஏறியதாகச் சொல்லப்படும் மலை தேனி மாவட்டத்தில், தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கிறது. 1960-களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகியின் வழியைத் தேடி நடந்து அந்த மங்கலதேவிக் கோயிலை அடையாளம் காட்டினார். பெரிய உழைப்பு, வணங்குகிறேன். அவர் நடந்தார், தங்கினார், திரும்பி வந்தார், எழுதினார். கண்ணகிக்குக் கிடைக்காத மூன்று வினைச்சொற்கள். இன்று அந்தக் கோயில் ஆண்டுக்கு ஒருநாள், சித்ரா பௌர்ணமியன்று திறக்கிறது. புலிகள் காப்பகம் என்பதால் மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். முழுநிலா நாளில் திறக்கிற கோயில். அங்கிருந்து நிலாவை மட்டும் யாரும் பார்க்க முடியாது.

எங்கள் தாமிரபரணி பிறக்கிற பொதிகையில், 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அகத்தியர்கூடம். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகச் சொல்லப்படும் முனிவரின் மலை. கேரள வனத்துறை நடத்தும் அந்த மலையேற்றத்தில் பெண்கள் உச்சிக்குப் போக முடியாமலிருந்தது. முனிவர் பிரம்மச்சாரி என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களைத் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சிக்கு ஏறினார். பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளர், அந்தக் குழுவில் அவர் ஒருவரே பெண். காணிப் பழங்குடி மக்கள் தங்கள் வழிபாட்டு மரபைச் சொல்லி எதிர்த்தார்கள். காட்டின் மேல் அவர்களுக்குள்ள உரிமையை மதித்துக்கொண்டேதான் இதைப் பேச வேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அவர் இறங்கி வந்தார், மறுபடி வேலைக்குப் போனார். நீதிமன்றத் தீர்ப்பைவிடப் பெரிய செய்தி அதுதான்.

குரங்கணியை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. 2018 மார்ச்சில், மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து வந்த, பெண்களே அதிகம் இருந்த குழு அந்தக் காட்டுத்தீயில் சிக்கியது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ எப்படி ஓடும், யார் அனுமதி தந்தார்கள், யார் எச்சரித்திருக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன் 'பொம்பளப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை' என்று கேட்டவர்கள் என் காதுபடவே உண்டு. தீ ஆண் பெண் பார்ப்பதில்லை. காப்புக்காட்டுக்கு அனுமதி வேண்டும், பருவம் பார்க்க வேண்டும், வழி தெரிந்தவர் வேண்டும். இவை ஏறுகிற எல்லோருக்குமான விதிகள். அதைப் பெண்ணுக்கான பூட்டாக மாற்றுவது வேறு வேலை.

இப்போது என் இரவைச் சொல்கிறேன். என் அம்மாவின் ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே. ஊருக்கு வெளியே ஒரு பொத்தை உண்டு. காடு இல்லை, வெறும் பாறை. அரைமணி நேரத்தில் ஏறிவிடலாம். சிறுவயதில் மாமன் மக்கள் கார்த்திகைக்கு அங்கே தீபம் ஏற்றப் போய் விடிய விடியக் கிடந்துவிட்டு வருவார்கள். நாங்கள் கீழே நின்று வெளிச்சத்தைப் பார்ப்போம். 'போயிட்டு வா, ராத்தங்காத' என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே சட்டம்.

வகுப்பில் அந்தக் கேள்வி வந்த ஆண்டு மாசி மாதம், நாற்பத்தைந்தாவது வயதில், ஏறினேன். ஒரு ஜமுக்காளம், ஸ்வெட்டர், டார்ச், மூன்று லிட்டர் தண்ணீர், புளிச்சோறு, ஒரு விசில். வீட்டில் மதுரையில் கருத்தரங்கு என்று சொல்லியிருந்தேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. பெண்ணியக் கட்டுரை எழுதுகிறவள், பிள்ளைகளுக்குச் சிலம்பு நடத்துகிறவள், ஒரு பாறையில் ஓர் இரவு படுக்கக் கருத்தரங்கைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஒரு தோழிக்கு மட்டும் உண்மை தெரியும். மணிக்கு ஒருமுறை அவளுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்று பேச்சு.

அடிவாரத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அதில் வயதான ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"என்ன தாயி, ஒத்தையிலயா? வீட்ல சண்டையா?"

"இல்லம்மா."

"ஏதும் செஞ்சுக்கிடப் போறியா?"

நான் அந்தக் கேள்வியில் நின்றுவிட்டேன். நீலியும் கண்ணகியும் ஏறிய மலைக்கதை அந்த அம்மாவின் நெஞ்சில் அப்படியே இருந்தது. பெண் தனியாக உச்சிக்குப் போனால் ஒன்று துக்கம், இல்லையென்றால் சாவு. "சும்மாதாம்மா. ஒருநாள் படுத்துட்டு வரலாம்னு" என்றேன். 'சும்மா' என்று சொல்லும்போது பொய் சொல்வதுபோல் நாக்கு குழறியது. கருத்தரங்கு என்ற பொய் அத்தனை எளிதாக வந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. நான் கீழதான் கிடக்கேன். ஒரு சத்தம் குடு" என்றார். அவரும் அன்று ராத்தங்கல்தான், திறந்த வெளியில், ஆடுகளோடு. உப்பளத்து அம்மா இருட்டில் நடக்கலாம், கிடையில் கிழவி படுக்கலாம், ஏற்றுமதி மீன் கம்பெனியில் பெண் இரவு ஷிப்ட் பார்க்கலாம். பிழைப்புக்கு என்றால் இரவு திறந்துவிடுகிறது. அவளுக்கே அவளுக்கு என்றால்தான் கேள்வி வருகிறது.

பதினொரு மணி வரை மனிதர்களுக்குப் பயந்தேன். பிறகு பாம்புக்கு. இரண்டு மணிக்கு மேல் குளிர் மட்டும்தான் இருந்தது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. தொலைவில் ரயில் போனது. எதையும் கண்டடையவில்லை, தத்துவம் எதுவும் தோன்றவில்லை. பாறை பகல் சூட்டைக் கொஞ்சம் வைத்திருந்தது, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கிப்போனேன். அதைத்தான் சாதனையாகச் சொல்ல நினைக்கிறேன்: தூங்கினேன். ஐந்தரைக்கு மயில்கள் எழுப்பின. தோழியிடமிருந்து நான்கு செய்திகள், கடைசியில் திட்டு. எங்கள் கடலில் முத்துக் குளித்த காலத்தில், 1961-இல் நடந்த கடைசிக் குளிப்பு வரை, மூழ்குகிறவனின் கயிற்றை மேலே ஒருவன் பிடித்திருப்பான். அவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பதே நம்பிக்கை என்று சொல்வார்கள். தங்கை தாலி அறுக்கக் கூடாதே என்று பிடிப்பான். தனியாகப் போவதற்கும் ஒரு கயிறு வேண்டும், அதைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கண்ணகிக்கு அது இல்லை. மாதரி நெருப்பில் விழுந்தாள், கவுந்தி உண்ணாமல் இறந்தாள். கயிறு பிடித்திருக்கக்கூடிய பெண்களையெல்லாம் காப்பியம் முதலிலேயே முடித்துவிட்டது.

கவுந்தியைப் பற்றி ஒன்று. சிலம்பில் தன் விருப்பத்தால் பயணம் கிளம்புகிறவர் அவர் ஒருவர்தான். பிச்சைப் பாத்திரம், தோளில் உறி, கையில் மயிற்பீலி. காப்பியத்திலேயே மூட்டை கட்டிய பெண்! அவருடைய சமயத்துப் பெண் துறவிகளின் தடம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கழுகுமலைப் பாறையில், ஏறத்தாழ 8, 9-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகளில், சமணக் குரத்தியரின் பெயர்கள்: திருச்சாரணத்துக் குரத்தி, மிழலூர்க் குரத்தி. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். திருச்சாரணம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. ஒரு மலையின் ஆசிரியை இன்னொரு மலையில் தன் பெயரில் சிற்பம் செய்வித்திருக்கிறார். அவர்கள் யாருக்காகவும் அழவில்லை, யாரையும் எரிக்கவில்லை, தெய்வமும் ஆகவில்லை. அதனால்தானோ என்னவோ, பாடத்திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. சிலப்பதிகாரம் நடத்துகிறவர்கள் பிள்ளைகளை ஒருமுறை கழுகுமலைக்கு அழைத்துப் போகலாம். பூம்புகார் போகிற செலவில் பாதிகூட ஆகாது.

மறு ஆண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு அந்தக் கேள்வியையே வைத்தேன்: பதினான்கு இரவும் கண்ணகி எங்கே தங்கியிருப்பாள்? கோயில் திண்ணை என்றார்கள் சிலர். மாட்டுத் தொழுவம் என்றாள் ஒருத்தி. கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு தூங்கியிருப்பாள் என்று எழுதியவளுக்கு அடிக்கோடிட்டேன். பெரும்பாலோர் எழுதியது: தூங்கியிருக்க மாட்டாள், உட்கார்ந்தே இருந்திருப்பாள். இளங்கோவைப் படித்து எழுதியதா, தங்கள் பேருந்து நிலைய இரவுகளை வைத்து எழுதியதா என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவள் அப்போது மூன்றாமாண்டு. அவளிடம் பொத்தையைப் பற்றிச் சொன்னேன், கருத்தரங்குப் பொய்யையும் சேர்த்து. அவள் அம்மாவைப் போலவே குறைவாகப் பேசுகிறவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அடுத்த தடவ போவும்போது வீட்ல சொல்லிட்டுப் போவீங்களா மிஸ்?"

"போவேன்" என்றேன்.

"அப்ப ராத்திரி போன் நான் பாத்துக்கிடுதேன்."